நான்கு அப்பாக்கள் உள்ள வீடு: சென்னையில் ஒரு வெளிப்பதிவுக் குடும்பம்

பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். காலைப் பிரார்த்தனையில் மூன்று வாரத்தில் நான்கு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, தலைக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் குறை இல்லை. சாப்பிடாமல் வருகிறாள், கேஸ் என்று ஒரு டாக்டர். பரீட்சைப் பயம் என்று இன்னொருவர். 2023 ஜூலையில் அம்மா அவளை, மனநல ஆலோசனை தரும் எங்களிடம் கூட்டி வந்தபோது கையில் இருந்த பிளாஸ்டிக் கவரில் மருத்துவக் காகிதங்களோடு வாடகை ஒப்பந்தம், காவல் நிலையப் பதிவின் நகல், காலாவதியான நான்கு இலங்கைப் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் இருந்தன. பிள்ளைக்கு மயக்கம் என்று வருகிறவர் பாஸ்போர்ட்டை எதற்குச் சுமந்து வருகிறார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும்.

இதில் யார் பெயரையும் எழுதவில்லை. அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று வயது, வேலை போன்ற விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். இதே மாதிரியான வேறு குடும்பங்களில் பார்த்த ஓரிரு சங்கதிகளும் இதில் கலந்திருக்கின்றன.

வெளிப்பதிவு என்றால்

தமிழ்நாட்டில் இலங்கை அகதி என்றதும் மண்டபமும் கும்மிடிப்பூண்டியும்தான் நினைவுக்கு வரும். முகாம்களில் இருப்பவர்கள் ஏறத்தாழ 58,000 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாடகை வீடுகளில் இருப்பவர்கள் இன்னொரு 34,000 பேர் அளவில். இவர்களைத்தான் வெளிப்பதிவு என்பது. சென்னையில் வளசரவாக்கம், விருகம்பாக்கம், போரூர் பக்கம் நிறையப் பேர், அப்புறம் திருச்சி. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் இவர்கள் அயல்நாட்டவர், அவ்வளவுதான்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது, புதுவீடுகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது, பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நல்ல காரியம்தான். ஆனால் எல்லாம் முகாம்களுக்கு. வெளியில் இருப்பவருக்குப் பணக்கொடை கிடையாது. வசதி உள்ளவர்கள்தானே வெளியில் இருக்கிறார்கள் என்ற எண்ணம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் தம்பி மாதாமாதம் பணம் அனுப்பும்வரை அது பாதி உண்மை. தம்பிக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்ததும் அந்தப் பாதியும் போய்விடும்.

இந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. எங்களிடம் வந்தபோது அம்மாவுக்கு 44 வயது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். மகனுக்கு இருபது. மகளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. கணவரின் தாய், பிள்ளைகளுக்கு அப்பம்மா, எழுபதைத் தாண்டியவர். சொந்த ஊர் கிளிநொச்சிப் பக்கம். 2010இல் சுற்றுலா விசாவில் விமானம் ஏறி வந்தவர்கள். விசா முடிந்தபின் வெளிப்பதிவு. இப்போது ஒரு படுக்கையறை வீடு, மாடியில். அக்கா யாழ்ப்பாணக் கறித்தூள் இடித்துத் தெரிந்தவர்களுக்கு விற்கிறார். கணவர் துபாயில் வேலை செய்கிறார் என்று முதல்நாள் எங்கள் படிவத்தில் எழுதிக்கொண்டோம்.

நோட்டுப் புத்தகம்

இரண்டாவது சந்திப்பில் நான் செய்தது அப்பட்டமான தவறு. போர், வன்னி, 2009 என்று மூன்றையும் கூட்டி, மனவடு என்று விடை போட்டுவிட்டேன். பிள்ளையை மூச்சுப் பயிற்சிக்கு உட்கார வைத்துவிட்டு அம்மாவிடம் போரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டால் எப்படி இருக்கும் என்பது என் முதல் கேள்வி. அக்கா சிரித்தார்.

“வெடி ஒண்டும் செய்யாது மிஸ். அது எங்களுக்குப் பழகின சத்தம். ஆரும் கதவைத் தட்டினாத்தான் எனக்கு நெஞ்சு பதறும்.”

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஆனால் அதில் நிற்கவில்லை. 2009 மே மாதம் எங்கே இருந்தீர்கள் என்று அடுத்த கேள்விக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தார்.

“நீங்களும் எழுதுறியள்.”

அடுத்த ஐந்து வாரம் வரவில்லை. போன் அணைத்திருந்தது.

அவரிடம் இதுவரை எத்தனை பேர் இதே கேள்விகளை நோட்டில் எழுதியிருப்பார்கள் என்று அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். போர் முடிந்த கையோடு, இலங்கையில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பதிவு, விசாரணை. இங்கே வந்து இறங்கியதிலிருந்து பதிவு, முகவரி மாற்றம், விசாரணை. எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், கணவர் எங்கே? நான் கேட்டதும் அதே வரிசையில். போர் கண்டவரிடம் நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைப்பது பலன் தராது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிப் பல வருடமாகிவிட்டது. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

செப்டம்பரில் நோட்டில்லாமல் வீட்டுக்குப் போனேன். தட்டவில்லை. கீழே நின்று போன் செய்தேன், அன்றைக்கு எடுத்தார். மேலே போனால் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுபட்டுக்கொண்டிருந்தன. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன, நான்கு பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறக்கலாமே என்றேன். திறந்தால் வாசம் தெருவுக்குப் போகும், இது இந்த ஊர் மசாலா வாசம் இல்லை, கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். அக்கம்பக்கத்துக்கு இவர்கள் நாகர்கோவில்காரர்கள். பேச்சில் வித்தியாசம் தெரிந்தால் அப்படிச் சொல்லிக்கொள்வது வெளிப்பதிவுக்காரர்கள் பலருக்கும் வழக்கம். மகள் வாசலுக்கு வெளியே கால் வைத்ததும் சென்னைத் தமிழுக்கு மாறிவிடுவாள். உள்ளே வந்தால் அப்பம்மாவின் தமிழ்.

அப்பம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் பிள்ளை, எங்களை அங்கொடைக்கே கொண்டு போகப் போறியள்?” என்றார். கொழும்புக்குப் பக்கத்தில் அங்கொடை. அங்கே பெரிய மனநல மருத்துவமனை. நம்மூரில் கீழ்ப்பாக்கம் என்று சொல்வதற்கு ஈடான சொல்.

பதகளிப்பு

மன உளைச்சலை அளக்க எங்களிடம் ஒரு தமிழ்க் கேள்வித்தாள் இருந்தது. ‘கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா’ என்ற கேள்விக்கு அக்கா ‘இல்லை’ என்றார். எல்லாக் கேள்விக்கும் இல்லை. அப்படியே விட்டிருந்தால் இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று கோப்பை மூடியிருக்கலாம்.

ஆனால் அப்பம்மா தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார்: மருமகளுக்கு இரவில் பதகளிப்பு, விடிய நாலு மணிக்கே எழும்பி அந்தரப்பட்டுக்கொண்டு நிற்கிறாள், ஒரே பெருமூச்சு. எனக்குப் பதகளிப்பு என்ற சொல்லே புதிது. படபடப்பும் பயமும் சேர்ந்து உடம்பு நிலைகொள்ளாமல் இருப்பது. அந்தரம் என்றால் இருப்புக் கொள்ளாமை. பெருமூச்சு நாம் நினைப்பதைவிடக் கனமான சொல். அங்கே அது துக்கத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளப்படும். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்திலேயே இந்தச் சொற்களையெல்லாம் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஒரே மொழிதானே என்ற மிதப்பில் நான்தான் படிக்காமல் இருந்திருக்கிறேன்.

கேள்விகளை அந்தச் சொற்களில் திருப்பிக் கேட்டபோது பதில்களும் திரும்பின. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டேன். இந்த வேலையில் அதைக் கேட்காமல் வரக் கூடாது. “சாகோணும் எண்டு இல்லை. விடிய எழும்பாமல் இருந்தால் நல்லம் எண்டு நினைக்கிறதுதான்” என்றார். அந்த வாரமே அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கி 50க்குப் போனார்கள். தூக்கம் சரியாவதற்கு ஆறு வாரம் பிடித்தது.

மகள் ஏன் விழுந்தாள்

இதை அவளே சொன்னாள். என்னிடம் இல்லை, எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரி மாணவியிடம், பேருந்து நிறுத்தத்தில்.

அரசுத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் சரிபார்த்திருக்கிறார்கள். வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி விவரம் கேட்ட ஆசிரியை, “அப்பா லேட், சரியாம்மா?” என்றிருக்கிறார். சேர்க்கையின்போது யாரோ வசதிக்காகக் ‘காலமானார்’ என்று எழுதிவிட்டிருந்தார்கள். இவளோ தோழிகளிடம் அப்பா லண்டனில் என்று சொல்லி வைத்திருந்தவள். சரி மிஸ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் பிரார்த்தனையில் விழுந்தாள்.

அதற்கும் இரண்டு வாரம் முன்னால் இன்னொன்று நடந்திருக்கிறது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பிப்ரவரி 20 முதல், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர்ந்து போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டத்தின் வீடியோ ஒன்று அம்மாவின் போனில் வந்திருக்கிறது. அதில் மாமி, அதாவது அப்பாவின் தங்கை, உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு படம். வீட்டு அலமாரியில் இருக்கும் கல்யாணப் படத்தில் உள்ள அதே முகம்.

கேட்கக் கேட்கத்தான் விளங்கியது, அந்த வீட்டில் அப்பாக்கள் நான்கு பேர். மகளுக்கு லண்டனில் பேப்பர் கிடைக்காமல் கஷ்டப்படும் அப்பா. மகனுக்கு, தடுப்புக் காவலில் இருக்கும், என்றைக்காவது விடப்போகும் அப்பா. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருக்கும் எங்கள் படிவத்துக்கும் துபாய் அப்பா. பள்ளிக்கூடத்துக்குக் காலமான அப்பா. அக்கா பொட்டும் தாலியுமாகத்தான் இருக்கிறார். அப்பம்மாவோ பிள்ளை போய்விட்டான் என்று மனதுக்குள் முடிவு கட்டியவர். தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கும் ஆடி அமாவாசை விரதத்தைப் பேரனைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். “உயிரோட இருக்கிற மனுசனுக்கு விரதமோ?” என்று அக்கா தட்டை வீசியிருக்கிறார். இதெல்லாம் நடந்தது நானூறு சதுர அடிக்குள். எல்லாருக்கும் எல்லாம் காதில் விழும். ஒருவரும் ஒருவரையும் கேட்டதில்லை.

போர்க்களத்தில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு எழுபதுகளில் வேலை செய்த அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ், இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நிலையில் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. இதை நோய் என்று பார்க்காதீர்கள், நிலைமையே அப்படி என்பது அவர் கட்சி. ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதை அவர் கண்டிப்பாக எதிர்த்தார்.

இன்னொருவர் ஹான்ஸ் கைல்சன். பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்த யூதக் குழந்தைகள் இருநூறு பேரை நெதர்லாந்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1979இல் எழுதினார். போரில் குறைவாகப் பட்டு, போருக்குப் பின் மோசமான இடத்தில் வளர்ந்த பிள்ளைகளைவிட, போரில் கடுமையாகப் பட்டும் பிறகு நல்ல கையில் வளர்ந்த பிள்ளைகள் தேறியிருந்தார்கள். பின்னால் வரும் காலமும் காயத்தில் சேர்ந்ததுதான் என்பது அதன் பொருள். ‘கதவைத் தட்டினாத்தான்’ என்று அக்கா முதல் மாதமே சொன்னதும் இதைத்தான்.

செய்தவை

முதலில் கதவு. உள்ளிருந்து வெளியே பார்க்கிற கண்ணாடித் துவாரம் ஒன்று பதித்தோம். ஹார்டுவேர் கடையில் 150 ரூபாய், தச்சருக்கு 200. வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளத்தான் இரண்டு நடை நடக்க வேண்டியிருந்தது. தெரிந்தவர்கள் மேலே வருமுன் போன் செய்வது என்று ஒரு ஏற்பாடும் ஆயிற்று. நான் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை அக்கா ஒருநாளும் செய்ததில்லை. அந்தத் துவாரத்தில் தினமும் கண்ணை வைத்தார். 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் பேரிடர்க் கால மனநல உதவிக்கென்று சேர்ந்து வகுத்த வழிகாட்டி நெறிகளில் நான்கு அடுக்குள்ள கூம்பு ஒன்று வரும். அடியில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும், அதன்மேல் குடும்பமும் சமூகமும், அதற்கும் மேல்தான் ஆற்றுப்படுத்தல் எனும் மன ஆலோசனை, உச்சியில் மனநல மருத்துவர். எல்லாப் பயிற்சியிலும் இந்தப் படத்தைக் காட்டுவார்கள். காட்டிவிட்டு மூன்று நாளும் மூன்றாம் அடுக்கைப் பற்றியே பேசுவார்கள்.

பள்ளியில் தலைமை ஆசிரியையைப் பார்த்தோம். அப்பாவைப் பற்றி வகுப்பில் கேட்க வேண்டாம், விழுந்தால் கூட்டம் சேர்க்காமல் ஒரு தோழியோடு உட்கார வைத்தால் போதும் என்றோம். அவர் வேறு கேள்வி கேட்காமல் சரி என்றார்.

பிறகு அந்தப் பெரிய காரியம். அப்பாவைப் பற்றி யார் சொல்வது, எவ்வளவு சொல்வது, எங்கே வைத்து? அக்காவோடு மூன்று சந்திப்பு இதற்கே போயிற்று. எனக்குச் சொல்ல வேண்டாம், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். 2024 ஜனவரியில் ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சொன்னார். புட்டுப் பாத்திரம்கூட எடுத்து வைக்கவில்லை.

2009 மே 18, போர் முடிகிற நேரம், முல்லைத்தீவுப் பக்கம் வட்டுவாகல். இயக்கத்தில், அதாவது விடுதலைப் புலிகளோடு, ஒருநாள் இருந்தவர்கள்கூடத் தனியே வாருங்கள், பதிந்துவிட்டு விடுகிறோம் என்று ராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னது. அவர் சில மாதம் இயக்கத்துக்கு வாகனம் ஓட்டியவர். போய் நின்றார். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான் தெரியும்.

“நீலச் சாரம் கட்டியிருந்தவர்” என்றார் அக்கா.

“சாரம் இல்லை அம்மா, காற்சட்டை” என்றான் மகன். அப்போது அவனுக்கு ஆறு வயது. பதினான்கு வருடத்தில் அவன் அதைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், வெளித் தமிழில். “அப்போ என்னை யாரு தூக்கிட்டு இருந்தாங்க?”

“அவர்தான். பஸ்ஸில ஏறமுதல் என்னட்டைத் தந்தவர்.”

அப்பம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகன் பாத்திரங்களை எடுத்துக் கழுவினான்.

விரதச் சண்டை தீரவில்லை, தீர்க்கவும் நாங்கள் முயலவில்லை. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழை 2016 சட்டத்திருத்தத்துக்குப் பின் இலங்கை அரசு தருகிறது. அதைக்கூட வாங்க அக்காவுக்கு மனமில்லை. அதில் கையெழுத்துப் போடும் கை தன்னுடையதாக இருக்கக் கூடாது என்கிறார். 2024 ஆடி அமாவாசைக்கு ஒரு சமரசம் ஆயிற்று. மகன் விரதம் பிடிக்கவில்லை. அப்பம்மா மரக்கறிச் சமையல் செய்தார், அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அன்றைய சமையலுக்கு வேண்டிய காத்தோட்டிக்காய் கிடைக்கவில்லை என்பதுதான் அவருக்குக் குறை. சென்னையில் அதற்கு எங்கே போவது!

மயக்கம் 2024 மார்ச்சுக்குள் நின்றுவிட்டது. தேர்வுக்கு முந்தின நாள் ஒருமுறை வந்தது, பிறகில்லை. பள்ளிக்கு எத்தனை நாள் போனாள் என்பதைத்தான் அளவாக வைத்திருந்தேன். மயக்கத்தை எண்ண ஆரம்பித்தால் வீடே அதை எண்ணும்.

சரியாக வராதவை

பெண்கள் குழு ஒன்று தொடங்கினோம், எட்டுப் பேர். பேசுவதற்கு என்று கூப்பிட்டபோது இரண்டு பேர் வந்தார்கள். கறித்தூள் வறுக்க, பொதிசெய்ய என்றதும் எட்டுப் பேரும் வந்தார்கள், பேசவும் செய்தார்கள். நான்காம் மாதம் ஒருவரின் இயக்கக் கதை இன்னொருவர் வாயால் வெளியே போனது. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ரகசியம் காப்போம் என்று முதல்நாள் எல்லாரும் தலையாட்டியதை நம்பியது எங்கள் பிழை. ஒரே வட்டாரத்தில், ஒரே சந்தைக்குப் போகிறவர்களிடையே அந்த வாக்குறுதி எவ்வளவு தாங்கும் என்று யோசித்திருக்க வேண்டும்.

மகனை நாங்கள் பிடிக்கவே இல்லை. போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை, இரவு பதினொன்றுக்கு வருகிறான். காவல் நிலையத்துக்கு அம்மாவோடு பதினான்கு வயதிலிருந்து போய் வருகிறவன் அவன்தான். யாருக்கும் தொந்தரவு தராததால் யாரும் அவனைப் பற்றிக் கவலைப்படவில்லை, நானும்தான். போர் நடந்த இடங்களில் வாழ்வோரில் ஐந்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 மதிப்பீடு. இந்த வீட்டில் அந்த ஒருவர் யார் என்று கேட்டால் முதலில் மகளைக் காட்டினார்கள், பிறகு நான் அம்மாவைக் காட்டினேன். இப்போது எனக்கு நிச்சயமில்லை.

2025

மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா தர்மசத்திரம் இல்லை என்று நீதிபதி வாய்மொழியாகச் சொன்னார். நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. அந்த வாரம் அக்கா மூன்று இரவு தூங்கவில்லை. பிளாஸ்டிக் கவர் தலையணைக்கு அடியில் வந்துவிட்டது. மருந்தைக் குறைக்கலாம் என்றிருந்த டாக்டர் தள்ளிப்போட்டார்.

செப்டம்பரில் வேறு செய்தி. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை இராது என்று மத்திய அரசு விலக்களித்தது. அக்கா பத்திரிகைத் துண்டை லேமினேட் செய்து எடுத்து வந்தார்.

“இது விசாவோ மிஸ்?”

“இல்லைக்கா. தண்டிக்க மாட்டாங்கன்னு மட்டும்தான்.”

“அப்ப குடியுரிமை?”

“அதுவும் இல்லைக்கா.”

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாஸ்போர்ட்டுகளுக்கு மேலே வைத்துக் கவரை மூடினார். மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு. ஜன்னல் இன்னும் சாத்தித்தான் இருக்கிறது, தூள் வறுக்கும் நாட்களில். அடுத்த சந்திப்புக்கு மகனையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். இரவு பதினொன்றானாலும் பரவாயில்லை, நான் வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.